ஏற்கெனவே கப்பலேறிய பெயர்

மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வரவேண்டிய லாரிக்காரன் காலை எட்டு மணியிலிருந்து போனில் "இதோ வந்துகினே இருக்கேண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பதினொரு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அவன்தான் என்று நினைத்து வெளியே போனேன். வந்து நின்றது ஒரு வாடகைக் கார். அதிலிருந்து இறங்கியவருக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பத்தைந்துக்குப் பக்கம். செருப்பைக் கழற்றி ஜோடியாக நேர்செய்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். என் தாத்தாவின் பெயரை, தாத்தாவுடைய அப்பா பெயரோடும் ஊரோடும் சேர்த்து முழுசாகச் சொல்லி, "இது அவங்க வீடுதானே?" என்று கேட்டார்.

தாத்தா செத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எங்கள் ஊரான வடக்கனந்தலில் செத்தவரின் முழுப்பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால் அது நிலத்துக்காகத்தான் இருக்கும். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"நீங்க யாரு?" என்றேன்.

"சிங்கப்பூர்லேருந்து வர்றேன். நான் அவரோட பேரன்."

எனக்குத் தெரிந்து என் தாத்தாவுக்குப் பேரன்கள் இரண்டு பேர். நான் ஒருவன், சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒருவன். உள்ளே வரச்சொல்லி நாற்காலியில் உட்காரவைத்தேன். என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திரும்பிப் போகும்போது என் காதருகே, "சிங்கப்பூர்ல இன்னொரு குடும்பம் வெச்சிருந்தாரா உங்க தாத்தா? பத்திரம் எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கும் அப்போது அதே நினைப்புதான் ஓடியது.

தாத்தா சிங்கப்பூரில் இருந்தது உண்மை. கல்யாணத்துக்கு முன்பே நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அங்கே கடற்படைத் தளத்தில் மண் வெட்டவும் மூட்டை தூக்கவும் போனவர். யாராலும் அசைக்க முடியாத கோட்டை என்று வெள்ளைக்காரன் சொல்லிக்கொண்டிருந்த அந்தத் தீவை, 1942ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், ஜப்பான்காரன் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். அப்போது தாத்தா அங்கேதான் இருந்தார். யுத்தம் முடிந்த பிறகு ஊருக்கு வந்தார். எங்கள் வீட்டில் அதைச் "சிங்கப்பூர் விழுந்தப்போ" என்றுதான் சொல்வோம். ஏதோ மரம் விழுந்த மாதிரி.

அதைப்பற்றித் தாத்தா சொன்னதெல்லாம் கொஞ்சம்தான். எண்ணெய்த் தொட்டிகள் எரிந்து வானம் பகலிலேயே இருண்டுபோனது, மழை பெய்தபோது தண்ணீர் கறுப்பாக விழுந்தது, வெளியே வைத்திருந்த கஞ்சிப் பானை முழுக்க மசி மாதிரி ஆகிவிட, பசி தாங்காமல் அதையே குடித்தது, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தெரு ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. இவ்வளவுதான். அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியே நின்று யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடுக்கமாட்டார். ஜன்னல் பக்கமாக வந்து, யார் என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். அதனால் அவரைக் கூப்பிட வருபவர்கள் நேராக உள்ளேயே வந்துவிடுவார்கள்.

வந்தவர் தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு பழைய சிங்கப்பூர் அடையாள அட்டையின் ஜெராக்ஸ். என் தாத்தாவின் பெயர் இருந்தது. அவருடைய அப்பா பெயர் இருந்தது. பிறந்த ஊர் வடக்கனந்தல் என்று ஆங்கில எழுத்தில் கொஞ்சம் சிதைந்து இருந்தது. எல்லாம் சரி. ஆனால் போட்டோவில் இருந்தவர் என் தாத்தா இல்லை. அகலமான நெற்றி, உள்வாங்கிய கண்கள், குட்டையான கழுத்து. என் தாத்தா ஒடிசலான ஆள், நீளமுகம்.

மோசடிக்காரன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். "இது எங்க தாத்தா இல்லீங்க" என்றேன்.

"தெரியும்" என்றார் அவர். சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த தாத்தா படத்தை அவர் முதலிலேயே பார்த்துவிட்டிருந்தார். "அதான் கேக்கணும்னு வந்தேன். உங்க தாத்தா யாருங்க?"

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வராது கோபம்?

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். சிங்கப்பூரில் டாக்சி ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய தாத்தாவை ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பாதிக்குமேல் திரும்பவில்லை. அந்தத் தாத்தா பிழைத்துச் சிங்கப்பூருக்கே வந்தார். யுத்தம் முடிந்து ஊருக்குப் போகலாம் என்று கப்பலுக்குப் பதிவு செய்யும் இடத்துக்குப் போனார். சயாம் முகாமில் கொடுத்த சீட்டைக் காட்டினார். அங்கே இருந்தவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில், இந்த அப்பா பெயரோடு, இந்த ஊர்க்காரன் போன கப்பலிலேயே போய்விட்டானே, நீ யார் என்று கேட்டார். போலீசைக் கூப்பிடுவார்களோ என்று பயந்து இவர் வந்துவிட்டார். மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை. அங்கேயே கல்யாணம், பிள்ளைகள், எல்லாம்.

"எங்க தாத்தா பேர்ல வேற யாரோ ஊருக்கு வந்து, அவர் சொத்துல, அவர் வீட்ல வாழ்ந்திருக்காங்கன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தார். எனக்குச் சொத்தெல்லாம் வேணாங்க. உண்மை தெரிஞ்சா போதும்" என்றார்.

சொத்து வேண்டாம் என்று முதலிலேயே சொல்பவரை நான் நம்பியதில்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

சித்தப்பா அடுத்த தெருவில் இருக்கிறார். எழுபது தாண்டியவர், ஆனால் கோபத்துக்கு வயசாகவில்லை. வந்த வேகத்தில், "எவன்டா அவன், எங்கப்பன யாருன்னு கேக்குறவன்?" என்றார். ஆளைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கி, "ஊர்ல போய்க் கேளுங்க. எங்கப்பா கூடப் பொறந்தவங்க நாலு பேரு. வேற எவனாவது வந்து நின்னிருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதா?" என்றார்.

நான் பீரோவிலிருந்து பழைய பத்திரத்தை எடுத்துவந்தேன். தாத்தா கப்பலேறுவதற்கு முந்திய வருஷம் எழுதியது. அதில் அவர் கையெழுத்து இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு எழுதிய இன்னொரு பத்திரத்திலும் இருக்கிறது. இரண்டிலும் கடைசி எழுத்தின் வாலை ஒரே மாதிரி கீழே இழுத்திருந்தார். வந்தவர் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"எங்க தாத்தாவுக்கு எழுதத் தெரியாதுங்க. கடைசிவரைக்கும் கைநாட்டுதான்."

"அப்ப உங்க தாத்தாதான் எங்கப்பன் பேரை எடுத்துகினு இருக்காரு" என்று சித்தப்பா பாய்ந்தார்.

வந்தவர் பத்திரங்களை மடித்து என்னிடம் நீட்டினார். எனக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் விடவும் மனமில்லை. போலீஸ் விசாரணை மாதிரி கேட்டுக்கொண்டே போனேன். உங்க தாத்தா ஊரைப்பற்றி என்ன சொன்னார்? வீடு எப்படி இருந்ததாம்? என்ன பயிர் வைத்தார்களாம்? கறுப்பு மழையைச் சொன்னார். கஞ்சிப் பானை மசியானதையும் சொன்னார். அந்தக் கதையை வேறொருவர் வாயில் கேட்டபோது எங்கள் வீட்டிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போனவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு ஊரைப்பற்றிச் சொன்னார்.

"வீட்டுக்குப் பின்னாடி ஓடை. சாமை, தினை விதைப்பாங்களாம். கடுக்காய் மரம் நிறைய. கூடை கூடையா பொறுக்குவாங்களாம்."

சித்தப்பா சிரித்தார். "வடக்கனந்தல்ல கடுக்கா மரமா? நாட்டு மருந்துக் கடையிலதான் நாங்க கடுக்காயப் பாக்குறது. ஊரே தெரியாம வந்துட்டாரு."

சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "கடுக்கா மலைமேல இருக்குது இல்ல? வெள்ளிமலைப் பக்கம். சாமையும் அங்கதான போடறாங்க. ஏங்க, இவரு தாத்தா மலையாளு, மலைமேல பொறந்தவரு."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் வேட்டி ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்பு சிரித்தவர்.

"சித்தப்பா, இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"இல்ல, என்னமோ இருக்குது. சொல்லுங்க."

மெல்லத்தான் சொன்னார். தாத்தா கப்பலேறும் முன் ஒரு கடுக்காய் வியாபாரியிடம் வண்டி ஓட்டியவர். மலையடிவாரத்துக்குப் போய்க் காய் ஏற்றி வருவார். அங்கே பழக்கமான ஒரு மலையாளோடுதான் சிங்கப்பூர் போனார். திரும்பும்போது தனியாக வந்தார். அதற்குப் பிறகு, ஒவ்வொரு தை மாதமும் அறுப்பு முடிந்ததும், இரண்டு மூட்டை நெல் மலைக்குப் போனது. கொஞ்சம் வளர்ந்த பிறகு சித்தப்பாதான் மாட்டுவண்டியில் அடிவாரம் வரைக்கும் கொண்டுபோவார். அங்கிருந்து சுமையாள் வந்து தூக்கிப் போவான். 'ஓடை மேட்டு வூட்டுக்கு' என்று மட்டும் சொல்ல வேண்டும். யார் கொடுத்தது என்று சொல்லக்கூடாது.

"எங்கம்மாவுக்கு அதுல சந்தேகம். மலையில ஒரு பொம்பளைய வெச்சிருக்காருன்னு சாகற வரைக்கும் சண்ட. எனக்கும் அப்படித்தான்னு நெனப்பு. அந்தம்மா செத்துட்டதா சேதி வந்த வருஷம் நெல்ல நிறுத்திட்டாரு. அன்னிக்கு எங்கப்பன் சாப்புடல."

"லாரியில ஏத்தின அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொன்னாரா?" என்று வந்தவர் கேட்டார். இதுவரை 'உங்க தாத்தா' என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது யாரைச் சொல்வது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார்.

"ஒரே ஒரு வாட்டி சொன்னாரு. ஜப்பான்காரன் லிஸ்ட் வெச்சிகினு பேரு கூப்ட்டானாம். இவருக்கு அன்னிக்குக் காய்ச்சலாம். எழுந்திரிக்க முடியலன்னாரு. அவ்ளோதான்."

பெயர் கூப்பிட்டார்கள். பெயருக்குரியவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெயரில் இன்னொருவர் லாரியில் ஏறிப் போனார். சயாம் முகாமின் பதிவேட்டில் அந்தப் பெயராகவே இருந்தார், சீட்டிலும் அட்டையிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. உண்மையான பெயர்க்காரர் முதல் கப்பலில் ஊர் வந்துவிட்டார்.

எனக்கு அதுவரை வெளியாள்மேல் இருந்த சந்தேகம் அந்த நிமிஷத்தில் சுவரில் இருந்த படத்தின் பக்கம் திரும்பியது. காய்ச்சல் என்பது உண்மையா? எழுதப் படிக்கத் தெரியாத மலையாளை முன்னே தள்ளிவிட்டு இவர் உள்ளே ஒளிந்துகொண்டாரா?

வந்தவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "லாரியப் பத்திப் பேச்சு வந்தா எங்க தாத்தா ஒண்ணு சொல்வார். 'கை காட்டினவன் நல்லா இருக்கட்டும்'னு. யார் கை காட்டினது, எதுக்குன்னு சொன்னதில்ல."

"எப்படிச் சொல்வாரு? மனசாரவா, வயித்தெரிச்சல்லயா?"

"நான் அப்ப ரொம்பச் சின்னப் பையன்ங்க. ஞாபகமில்ல."

மறுநாள் காலை அவருடைய காரிலேயே மூன்று பேரும் மலைக்குப் போனோம். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது சித்தப்பா முன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. வெள்ளிமலையில் காரை விட்டுவிட்டு ஜீப் பிடித்தோம். ஓடை மேட்டு வீடு என்று கேட்டதும் ஜீப்காரர் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்து, "எதுக்கு? நெலம் வாங்கவா?" என்றார்.

வீட்டுக்கு முன்னால் ஒரு பெரியவர் தார்ப்பாயில் சாமையைக் காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். எண்பத்தைந்து வயது இருக்கும். நிமிர்ந்தார். அகலமான நெற்றி, உள்வாங்கிய கண்கள், குட்டையான கழுத்து. சிங்கப்பூர்க்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் உறையை எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஆனால் பெரியவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். போட்டோவைக் கையில் வாங்கினார். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நான் நடக்கறதுக்குள்ள போனவரு எங்கப்பா" என்றார். "மூஞ்சி தெரியாது எனக்கு." பிறகு சிங்கப்பூர்க்காரரைப் பார்த்து, "எந்த வருஷம் செத்தாரு?" என்று கேட்டார்.

அவர் வருஷத்தைச் சொன்னார். பெரியவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"எங்கம்மா அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி போய்ட்டா. அவ சாகறப்போ இவரு உயிரோடதான் இருந்திருக்காரு."

"ஆமாங்க பெரியப்பா" என்றார் சிங்கப்பூர்க்காரர். அந்தச் சொல் அவர் வாயில் தானாக வந்துவிட்டது. பெரியவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"இப்ப எதுக்கு வந்திருக்கீங்க? இந்த மேட்டுக்காடு ஒண்ணுதான் எங்களுக்கு. ஏற்கெனவே பாகம் பிரிக்க இடமில்ல."

சிங்கப்பூர்க்காரர் பையிலிருந்து பேனாவை எடுத்து, "ஒண்ணும் வேணாம்னு எழுதித் தர்றேன்" என்றார். முந்தின நாள் நான் நம்பாத அதே வார்த்தை. இப்போது அந்தப் பெரியவர் நேற்று நான் வைத்திருந்த அதே முகத்தோடு நின்று அதை நம்பாமல் பார்த்தார்.

அப்போதுதான் சித்தப்பா முன்னால் வந்து, நெல் கொண்டுவந்து விட்டது தான்தான் என்று சொன்னார். ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். பெரியவர் சாமையிலிருந்து காலை எடுத்தார்.

"நீங்கதானா அது" என்றார். "எங்கம்மா தாலிய எடுக்கல. புருஷன் செத்தான்னு எவனும் வந்து சொல்லல, அப்புறம் எப்படி எடுப்பா? அதுல வருஷா வருஷம் கீழேருந்து யாரோ நெல்லு அனுப்பறான். யாருன்னு கேட்டா சுமையாளுக்குத் தெரியாது. எங்கம்மாவப் பத்தி ஊர்ல இன்னா இன்னா பேசினாங்க தெரியுமா உங்களுக்கு? கெணத்துல மத்தவங்க தண்ணி எடுத்துட்டுப் போனப்புறம்தான் அவ போவா. அந்த நெல்ல ஒரு நாள் கூட நாங்க ஒலையில போடல. மாரியாத்தா கோயில்ல கொண்டுபோய்க் கொட்டிடுவா. அதுக்கும் பேசினாங்க, பாவத்தக் கழிக்கிறான்னு."

சித்தப்பா கீழே பார்த்தபடி நின்றார். "அப்பா சொல்லக்கூடாதுன்னாரு" என்றார். எழுபது வயதுக்காரர் அதைச் சொன்னபோது கேட்க முடியவில்லை.

என் தாத்தாவுக்கு இது தெரிந்திருக்குமா? அவர் இங்கே வந்து, உங்கள் ஆள் என் பெயரில் லாரி ஏறினான் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால், நீ ஏன் ஏறவில்லை என்று அடுத்து வரும் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும் என்றுதான் நெல்லை மட்டும் அனுப்பினார் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. சித்தப்பா அதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

சிங்கப்பூர்க்காரர் வெள்ளிமலையில் இரண்டு நாள் தங்கினார். இரண்டாம் நாள் மாலை பெரியவர் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டு, சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டதாகச் சிங்கப்பூர்க்காரர் எனக்குப் போனில் சொன்னார். அவருடைய தாத்தாவின் உண்மையான பெயரைப் பெரியவர்தான் சொன்னாராம். அதைத் தன் போனில் எழுதிவைத்துக்கொண்டு, விமானம் ஏறும் வரைக்கும் அதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறோமா என்று மூன்று தடவை என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டுப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுப் போனார். கும்பிடவில்லை. நானும் கும்பிடச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர் எனக்குப் போன் செய்தார். பேச்சு ஒரே வரிதான். "நீங்க வந்து ஊர்ல சொல்லணும். எங்கம்மாவுக்காக."

போனேன். சித்தப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். அப்பனைச் சபையில் நிறுத்தப் போகிறாயா என்று என்னோடு சண்டை. கோயில் முன்னால் மரத்தடியில் முப்பது பேர் இருந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். நான் எழுந்து, என் தாத்தா பெயரைச் சொல்லி, சிங்கப்பூர் விழுந்தபோது நடந்ததையும் நெல் வந்த காரணத்தையும் சொன்னேன். காய்ச்சல் என்று அவர் சொன்னதையும் சொன்னேன். அது பொய்யாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

ஓரத்தில் இருந்த ஒருவர், "இதுக்கெல்லாம் இன்னா ஆதாரம்? நீங்களும் அவரும் பேசி வெச்சிகினு சொல்றீங்களோ இன்னாவோ" என்றார்.

நான் போட்டோவை எடுக்கப் போனேன். அதற்குள் ஒரு கிழவி கையை ஊன்றி எழுந்து நின்றாள். பெரியவரைவிட மூத்தவளாகத் தெரிந்தாள்.

"நான்தான் பேசினேன்" என்றாள். "கெணத்தாண்ட மொதல்ல பேசினது நான்தான். அந்த நெல்லப் பாத்துட்டுப் பேசினேன்."

அதோடு உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர் அவளைப் பார்த்தார், பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"கடைசி பஸ் நாலரைக்கு. அத விட்டா காலையிலதான்" என்றார். "வாங்க, சாப்புட்டுப் போலாம்."